கீரைச் சத்தும் சுப்பாராவும்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே குடியிருக்கிறவர்களுக்கு யானைக்கால் வியாதியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தேங்கிய சாக்கடை இருந்தால் கொசு இருக்கும். அந்தக் கொசு இருந்தால் யானைக்காலும் இருக்கும். இந்த ஊரில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவராவது வேட்டியைச் சற்று இறக்கிக் கட்டிக்கொண்டு காலை மறைத்து நடப்பதைப் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனைக்காரர்கள் இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டுவார்கள். பகலில் வந்தால் என்ன என்று கேட்டால், வியாதியின் குஞ்சுப் புழுக்கள் ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வந்து உலாவுகின்றன என்று பதில் வரும். கொசு கடிக்கிற வேளை பார்த்துப் புழுவும் வெளியே வருகிறதாம். இயற்கை இந்த மாதிரிக் கூட்டுச் சதிகளில் கெட்டிக்காரி.

1975-ம் வருஷம் இந்த ஊரில் கொசு முதலிய பூச்சிகளை ஆராயவென்றே மத்திய சர்க்கார் ஒரு நிலையம் ஏற்படுத்தியது. 1981 முதல் 1985 வரை அவர்கள் ஊர்ச் சாக்கடைகளோடு மல்லுக்கட்டியது ஒரு தனிக் கதை. அதே காலத்தில் காரைக்காலில் சமையல் உப்பிலேயே யானைக்கால் மருந்தைக் கலந்து ஜனங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பில்லாமல் யாரால் சாப்பிட முடியும்? மாத்திரையாகக் கொடுத்தால் நம்மவர்கள், “வையுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறேன்” என்று மரியாதையாக வாங்கி, ஆள் தெருமுனை திரும்பியதும் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். அந்த மாத்திரை தின்றால் சிலருக்குக் காய்ச்சல் வரும். உள்ளே புழு சாவதால் வருகிற காய்ச்சல் அது. மருந்தால் காய்ச்சல் வந்ததென்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள்.

அந்த மருந்துக்கு டை எத்தில் கார்பமசீன் என்று பெயர். முதலில் விற்பனைக்கு வந்தபோது ஹெட்ரஸான் என்றார்கள். 1947-ல் அமெரிக்காவில், நியூயார்க் ராஜ்யத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரிலுள்ள லெடர்லே ஆராய்ச்சிச் சாலையிலிருந்து அது வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிச் சாலைக்கு அப்போது தலைவராக இருந்தவர் சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த ஒரு மனிதர்: யெல்லாப்ரகட சுப்பாராவ். யானைக்கால் மருந்து அவர் கணக்கில் ஒரு சில்லறை வரவுதான். பெரிய வரவு புற்றுநோயில் இருக்கிறது.

*

சுப்பாராவ் 1895-ம் வருஷம் ஜனவரி 12-ம் தேதி பீமாவரத்தில் பிறந்தார். அந்நாளில் அது சென்னை மாகாணம்; ஆகவே நம்மவர் என்று சொந்தம் கொண்டாடினால் தெலுங்கர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். தகப்பனார் ரெவின்யூ இலாகாவில் சாதாரண உத்தியோகம். குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. பையனுக்குப் பதின்மூன்று வயசில் ஒரு யோசனை தோன்றிற்று: காசிக்கு ஓடிப் போய் யாத்திரிகர்களுக்குப் பழம் விற்றுப் பணக்காரனாகிவிடுவது. வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். படிப்பும் சுமார்தான். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்று, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலுக்கு வந்து மூன்றாவது தடவை தேறினார். பிறகு ராஜதானிக் கல்லூரியில் இன்டர்மீடியட்.

ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாகிவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை. தாயார் வெங்கம்மா சம்மதிக்கவில்லை. டாக்டருக்குப் படித்தால் அதையே சேவையாகச் செய்யலாமே என்று மடத்தார் சொன்னார்கள். அப்படித்தான் வைத்தியக் கல்லூரிக்குப் போனார். அவர் மனசில் அந்தக் காவி வேட்டி கடைசி வரையில் மடித்து வைத்தபடியே இருந்தது என்பது என் அபிப்பிராயம். பிற்காலத்தில் அவர் செய்த சில காரியங்களுக்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கல்லூரியில் நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. காந்தி அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் ரண சிகிச்சை அறைக்குக் கதர் அங்கியோடு போனார். பேராசிரியர் பிராட்ஃபீல்டு துரைக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையெல்லாம் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சர்க்கார் வைத்திய உத்தியோகத்துக்கு மனுப் போட்டார்; அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் டாக்டர் லக்ஷ்மிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார். இதைச் சொல்கிறவர்கள் துரையைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த ஆயுர்வேதக் கல்லூரி முக்கியமாகப் படுகிறது. இலை, வேர், ஈரல், எரு என்று இயற்கைப் பொருள்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, அவற்றில் இருக்கும் துளிச் சாரத்தைத் தேடுவதுதான் அவருடைய வாழ்நாள் வேலையாக ஆயிற்று.

இதற்குள் வீட்டில் இடி விழுந்தது. அண்ணா புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அண்ணாவைக் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்ற உஷ்ணப் பிரதேசத்துக் கழிச்சல் நோய். தின்றது உடம்பில் ஒட்டாது; ரத்தம் வெளுத்து ஆள் கரைந்துபோவான். டாக்டருக்குப் படித்த தம்பியால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

மேல்நாட்டில் போய்ப் படிக்க வேண்டுமென்ற வெறி அப்போது வந்தது. காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனம் உதவுவதாகச் சொன்னது. மாமனாரும் பணம் கொடுத்தார். 1919-ல் மணந்துகொண்ட சேஷகிரி அப்போது கர்ப்பிணி. சில வருஷங்களில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. 1922 அக்டோபர் 26-ம் தேதி அவர் பாஸ்டனில் இறங்கினார். இங்கே ஆண் குழந்தை பிறந்தது; ஒரு வயசு நிறையுமுன் இறந்தது. அந்தக் குழந்தையை அவர் பார்க்கவில்லை. சேஷகிரியையும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷம், ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ‘தியாகம்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டு மேலே போகிறார்கள். யாருடைய தியாகம் என்று கேட்க வேண்டாமா? அவர் ஆராய்ச்சிச் சாலையில் தனக்குப் பிடித்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். காத்துக்கொண்டிருந்தது வேறொருவர். பெரிய மனிதர்களின் சரித்திரங்களில் இந்தக் கணக்கு மட்டும் எப்போதும் தவறான பக்கத்தில் எழுதப்படுகிறது.

*

பாஸ்டனில் பணமில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலைக்காரராகச் சேர்ந்து நோயாளிகளின் மலச்சட்டி கழுவினார். பகலில் ஹார்வர்டில் உஷ்ணப் பிரதேச வைத்தியம் படித்து டிப்ளமா வாங்கிய பிறகு, சைரஸ் ஃபிஸ்க் என்ற ரசாயன ஆசிரியரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று நீல நிறம் எழுப்பி அளக்கும் ஒரு முறையை இருவரும் கண்டுபிடித்து 1925-ல் வெளியிட்டார்கள். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தராசு சரியாக இருந்தால்தான் கடையில் மோசடி தெரியும். அந்தத் தராசை வைத்துக்கொண்டு தசையை நிறுத்தபோது, அதுவரையில் யாரும் பார்க்காத இரண்டு சரக்குகள் அகப்பட்டன. 1927-ல் பாஸ்போகிரியேடின்; 1929-ல் ஏ.டி.பி.

ஏ.டி.பி.யைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இப்போது படிக்கிறார்கள். நாம் தின்னும் சோறு பெரிய நோட்டு மாதிரி. அதை அப்படியே நீட்டினால் உடம்பில் எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான். சில்லறையாக மாற்ற வேண்டும். அந்தச் சில்லறைதான் ஏ.டி.பி. கையை மடக்கினாலும் கண்ணை இமைத்தாலும் அதில்தான் செலவு. அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே இதைக் கண்டுபிடித்தார். தசை வேலை செய்வதற்குக் காரணம் வேறொன்று என்று சொன்னதற்காக 1922-ம் வருஷத்து நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள்! இந்தியாவிலிருந்து வந்த எல்.எம்.எஸ். ஒருவரும் அவர் ஆசிரியரும் சேர்ந்து அதை ஆட்டிவிட்டார்கள்.

1930-ல் டாக்டர் பட்டம் வந்தது; நிரந்தர உத்தியோகம் வரவில்லை. அதே சாலையில் படித்தவரும் பிற்காலத்தில், 1988-ல், நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார்: சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளியிட விடவில்லை, பல வருஷங்களுக்குப் பிறகு வேறு ஆட்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. சுப்பாராவின் அடக்கத்தைப் புகழ்கிறவர்கள் உண்டு. அடக்கம் உண்மைதான். ஆனால் கறுப்பு மனிதருக்கு, அதுவும் 1946 வரையில் இந்தியர் குடியுரிமையே பெற முடியாதென்று சட்டம் வைத்திருந்த தேசத்தில், அடக்கத்தைத் தவிர வேறு என்ன கைவசம் இருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

*

இப்போது கதையைச் சற்றுத் திருவல்லிக்கேணிக்கு இழுக்கிறேன். 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மாள் பம்பாய்க்கு வந்தார். பம்பாய் மில்களில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் வெளுத்துப்போகும் ஒரு பயங்கரச் சோகை இருந்தது. அம்மாள் அதை ஆராய்ந்தார்; குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்திலும் சில மாதங்கள் வேலை செய்தார்; 1931-ல் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறிய பள்ளிக்கூடமும் அதே பேட்டைதான். விலையுயர்ந்த மருந்துகளுக்கு அசையாத அந்தச் சோகை, மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் களிம்புக்கு இறங்கி வந்தது. ஈஸ்டில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது; அதன் பெயர் தெரியாது. வில்ஸின் சத்து என்றே சொல்லி வந்தார்கள்.

அது கீரையிலும் இருந்தது. 1941-ல் டெக்ஸாஸில் சிலர் நான்கு டன் பசலைக் கீரையை அரைத்து வடித்து அதில் கடுகளவு எடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் உள்ள சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். ஆனால் நான்கு டன் கீரைக்குக் கடுகளவு என்றால் யாருக்கு வைத்தியம் செய்வது?

சுப்பாராவ் 1940-ல் ஹார்வர்டை விட்டு லெடர்லேக்கு வந்து சேர்ந்திருந்தார். ஈரலில் சோகையைத் தீர்க்கும் சத்து எது என்று தேடுவது அவருடைய பழைய பைத்தியம். அவர் தேடியது பிற்பாடு பி-12 என்று பெயர் பெற்றது. அதை 1948-ல் பிடித்தவர்கள் வேறு ஆட்கள். அதைத் தேடிய வழியில் இவருடைய கூட்டத்தார் ஃபோலிக் அமிலத்தைப் பிடித்து, அதன் அமைப்பை அறிந்து, 1945-ல் ரசாயன முறையில் செய்தும் காட்டிவிட்டார்கள். கீரை வேண்டாம், ஈரல் வேண்டாம். கண்ணாடிக் குடுவை போதும். அந்தப் புதுச்சரக்கை டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் கியூபாவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எந்த நோயாளிகளுக்கு என்றால், ஸ்ப்ரூ கண்டவர்களுக்கு. கரைந்து கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

புருஷோத்தம் இறந்து அப்போது இருபத்து நான்கு வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு கதையில் இப்படி எழுதியிருந்தால், ‘செயற்கையாக இருக்கிறது’ என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

*

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஸிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். இறந்த குழந்தைகளை அறுத்துச் சோதிக்கும் வேலை அவருக்கு. ரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜை வெள்ளணுக்களை அளவில்லாமல் கக்கும். குழந்தைக்கு அது வந்தால் அந்நாளில் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். ரத்தக் கோளாறுக்குத்தானே ஃபோலிக் அமிலம் நல்லது செய்கிறது என்று ஃபார்பர் அதையே கொடுத்துப் பார்த்தார். வியாதி குறையவில்லை, குதிரை வேகத்தில் ஏறியது. இன்னொருவராக இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பார். ஃபார்பர் வேறு விதமாக யோசித்தார். இந்தச் சத்தைக் கண்டு புற்று வளர்கிறதென்றால், இந்தச் சத்தைத் தடுத்தால் வாடவும் வேண்டுமே!

தடுக்கிற சரக்கு யாரிடம் இருக்கும்? சத்தைச் செய்தவரிடம்தான். ஃபோலிக் அமிலத்தைச் செய்து பழகிய லெடர்லே ரசாயனிகள், அதே அச்சில் ஓர் இடம் மட்டும் மாற்றிப் போலிச் சரக்குகளும் செய்து வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று அமினாப்டெரின். இதன் வேலையைச் சொல்ல நம்மூர் ரைஸ் மில்தான் உதவும். வளர்கிற ஒவ்வொரு அணுவும் இரண்டாவதற்கு முன் ஃபோலிக் அமிலத்தைத் தன் மில்லில் போட்டு அரைத்துக்கொள்ள வேண்டும். நெல்லைப் போலவே தோன்றும் பதரை உள்ளே போட்டால், மில் அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் அரைக்காது, விடவும் விடாது. வாய் அடைத்து மில் நின்றுபோகும். வேகமாகப் பெருகுகிற அணு முதலில் பட்டினி கிடக்கும். புற்றணு அப்படிப்பட்டது. மயிர்க்காலும் வாய்த்தோலும்கூட அப்படிப்பட்டவைதான். ஆகவே இந்த மருந்தில் வாய் வெந்துபோகும், தலைமயிர் கொட்டும்.

1947 டிசம்பர் கடைசியில் ஃபார்பர் முதல் தடவையாக ஒரு சின்னக் குழந்தைக்கு அமினாப்டெரின் கொடுத்தார். 1948 ஜூன் 3-ம் தேதி வெளியான கட்டுரையில், பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பத்துக் குழந்தைகளுக்குக் குணம் தெரிந்ததாக எழுதினார். படுக்கையோடு கிடந்தவை எழுந்து விளையாடின. குணம் நிலைக்கவில்லை, சில மாதங்களில் வியாதி திரும்பி வந்து குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. ஆனாலும் ரசாயனத்தால் இந்த வியாதியைப் பின்னுக்குத் தள்ள முடியும் என்று மனிதன் கண்டது அதுதான் முதல் தடவை. இன்று நல்ல வசதியுள்ள தேசங்களில் இந்த வியாதி வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பிழைக்கின்றன. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்; அவற்றில் அமினாப்டெரினுடைய தம்பியான மெதோட்ரெக்ஸேட் இன்னும் இருக்கிறது.

அந்த ஜூன் மாதத்துக் கட்டுரைக்குப் பிறகு சுப்பாராவ் இரண்டு மாதந்தான் இருந்தார். ஆகஸ்ட் 8-ம் தேதி இரவு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயசு ஐம்பத்து மூன்று. இந்தியா சுதந்திரமடைந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம். கதர் அங்கிக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. அமெரிக்கப் பிரஜையாகவும் இல்லை.

*

அதன் பிறகு நடந்ததில்தான் எனக்கு அதிக ஆச்சரியம். ராய் ஹெர்ட்ஸ் என்றொரு டாக்டர், ஹார்மோன்களை ஆராய்கிறவர். பெண்மைக்குரிய ஹார்மோனைக் கோழிக்குஞ்சுக்குக் கொடுத்தால் அதன் முட்டைக் குழாய் சீக்கிரம் பருத்துவிடும். 1945-ல் ஹெர்ட்ஸ் ஒன்று கவனித்தார்: குஞ்சின் தீனியில் ஃபோலிக் அமிலம் இல்லாவிட்டால், எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும் குழாய் வளர்வதில்லை. 1948-ல் போலிச் சரக்கைக் கொடுத்தும் அதே பலனைப் பார்த்தார். ஹார்மோன் உத்தரவு போடுகிற எஜமான் என்றால், கட்டடம் கட்டும் செங்கல் இந்தக் கீரைச் சத்து. செங்கல் வராவிட்டால் எஜமான் கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஹார்மோனுக்கும் புற்றுநோய்க்கும் உறவு உண்டென்பது முன்பே தெரியும். 1896-ல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்ஸன், சூலகத்தை எடுத்துவிட்டால் சில பெண்களுக்கு மார்புப் புற்று சுருங்குவதைக் கண்டார். 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண்களின் பிராஸ்டேட் சுரப்பிப் புற்றை ஆண் ஹார்மோனை அடக்கிக் கட்டுப்படுத்தினார். இருபத்தைந்து வருஷம் கழித்து, 1966-ல், அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஹெர்ட்ஸ் கண்டது வேறு வழி.

நம் கிராமத்து மருத்துவச்சிகள் ‘முத்துப்பிள்ளை’ என்று சொல்வார்கள். கர்ப்பம் தரித்தும் பிள்ளை உருவாகாமல், நஞ்சு மட்டும் திராட்சைக் குலைபோல முத்து முத்தாக ஊதிப் பெருகுவது. கழுவி எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலருக்கு அதன் மிச்சம் புற்றாக மாறி நுரையீரலுக்கும் மூளைக்கும் ஏறும். கோரியோகார்ஸினோமா என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை பெறும் வயசிலுள்ள பெண்களை அது சில மாதங்களில் கொன்றுவிடும். இந்தப் புற்று நஞ்சின் ஜாதி. ஆகவே கர்ப்பிணியின் சிறுநீரில் வருகிற அதே ஹார்மோனை இதுவும் சுரக்கும். இன்று மருந்துக் கடையில் கர்ப்பமா என்று பார்க்க ஒரு அட்டை விற்கிறார்களே, அதில் கோடு விழச் செய்வது அந்த ஹார்மோன்தான்.

1956-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஹெர்ட்ஸும், சீனாவிலிருந்து வந்த மின் சியூ லீ என்ற டாக்டரும் இந்த வியாதிக்கு மெதோட்ரெக்ஸேட் கொடுத்தார்கள். நுரையீரலில் புற்று ஏறி ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் பிழைத்தாள். உடம்பில் பரவிவிட்ட ஒரு கட்டிப் புற்றை மருந்து மட்டுமே முழுசாகத் தீர்த்தது அதுவே முதல் தடவை.

லீ ஒரு பிடிவாதக்காரர். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்த பிறகும் சிறுநீரில் ஹார்மோன் கொஞ்சம் வந்துகொண்டிருந்தால், மருந்தை நிறுத்த மாட்டேன் என்றார். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்பது அவர் கட்சி. மேலதிகாரிகள் பயந்தார்கள், குணமான பெண்களுக்கு விஷத்தை ஊற்றுகிறான் இவன் என்றார்கள். 1957-ல் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பிறகு நடந்ததைப் பார்த்தால், கட்டி மறைந்ததும் மருந்தை நிறுத்தியவர்களுக்கு வியாதி திரும்பி வந்தது. ஹார்மோன் சுத்தமாக அற்றுப்போகும் வரையில் லீ மருந்து கொடுத்த பெண்களுக்குத் திரும்பவில்லை. 1972-ல் லாஸ்கர் பரிசை ஹெர்ட்ஸுக்கும் லீக்கும் வேறு சிலருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இன்று நம் ஊர் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கேட்டாலும் மெதோட்ரெக்ஸேட்டைத் தெரியாதவர் இருக்க மாட்டார். மஞ்சள் நிற மருந்து. புற்றுக்கு மட்டுமல்ல; மூட்டு வாதத்துக்கும் வாரத்துக்கு ஒரு தடவை சின்ன அளவில் தருகிறார்கள், கூடவே வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும். பதரையும் நெல்லையும் ஒரே சீட்டில் எழுதுகிறார்கள். கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையிலும் அந்த ஃபோலிக் அமிலம் இருக்கிறது. மில்காரிகளுக்கு லூசி வில்ஸ் அம்மாள் கொடுத்த அதே சத்து.

சுப்பாராவின் பெயரில் இந்தியத் தபால் இலாகா நூற்றாண்டு வருஷமான 1995-ல் ஒரு தபால்தலை போட்டது. அமெரிக்கர்கள் அதற்கு வெகு நாள் முன்பே, 1953-ல், ஒரு காளானுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள்: சுப்பாரோமைஸஸ். சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் கல் தொட்டிகளில் வளர்கிற காளான் அது.